நைஸ்டவுன் தடாகமும் எங்கள் ஊர்க் கேணியும்

பிலடெல்பியா நகரின் வடபகுதியில் நைஸ்டவுன் என்றோர் இடம் இருக்கிறது. உழைத்துப் பிழைக்கும் கறுப்பினக் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதி. அங்குள்ள மார்கஸ் ஃபோஸ்டர் பொழுதுபோக்கு நிலையத்தில் ஒரு நீச்சல் தடாகம் உண்டு. ஜிம் எல்லிஸ் என்ற கறுப்பின இளைஞர் 1971ஆம் ஆண்டு தொடங்கிய நீச்சல் அணி பயிற்சி பெற்ற இடம் அது. பி.டி.ஆர். என்று அந்த அணிக்குப் பெயர்; பிலடெல்பியா பொழுதுபோக்குத் திணைக்களம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். எல்லிஸ் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். அவருடைய அணிப் பிள்ளைகள் பின்னாளில் ஒலிம்பிக் தெரிவுப் போட்டி வரைக்கும் போனார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தைத் தவிர வேறு விளையாட்டு வராது என்று மற்றவர்கள் முடிவுகட்டியிருந்த காலம் அது.

இந்தக் கதையைத் தழுவி 2007இல் 'பிரைட்' என்ற திரைப்படம் வந்தது. டெரன்ஸ் ஹவார்ட் எல்லிஸாக நடித்திருந்தார். படம் நிகழ்ச்சிகளை 1974க்கு நகர்த்திக்கொண்டது. பலவற்றைக் கற்பனையாகவும் சேர்த்துக்கொண்டது. விளையாட்டுப் படங்களுக்கென்று வழக்கமாக இருக்கும் தோல்வி, மனமாற்றம், கடைசி வெற்றி எல்லாம் இதிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எனக்கு மறந்துபோய்விட்டன. மறக்காதது தொடக்கக் காட்சி. மாணவனான எல்லிஸ் போட்டிக்கு நீரில் இறங்கத் தயாராக நிற்கிறார். வெள்ளையின நீச்சல்காரர்கள் அவரோடு ஒரே தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று விலகிவிடுகிறார்கள்.

நாங்கள் குடும்பமாக இருந்து பார்த்தோம். புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்து வளர்ந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, பஸ்ஸிலும் சாப்பாட்டுக் கடையிலும் நடந்த சண்டைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். தண்ணீர் என்றதும் ஏன் இவர்களுக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது?"

அவள் கேட்டது சரியான கேள்வி. 1949 ஜூன் 21ஆம் திகதி சென் லூயிஸ் நகரத் தடாகங்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. கறுப்பினச் சிறுவர்கள் சிலர் பொலிஸ் காவலோடு குளித்தார்கள். வெளியே தடிகளோடு கூட்டம் சேர்ந்தது. மாலையில் அது கலவரமாகியது, நகரபிதா பழைய தடையையே திரும்பக் கொண்டுவந்தார். 1964 ஜூன் 18ஆம் திகதி புளோரிடாவின் சென் ஓகஸ்ரின் நகரில், விடுதித் தடாகமொன்றில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்து இறங்கிப் போராடியபோது விடுதி முகாமையாளர் அமிலக் கலனைத் தூக்கி அவர்கள் இருந்த தண்ணீரில் ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. மிசிசிப்பியின் ஜக்சன் நகர நிர்வாகம் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தது. கறுப்பினத்தவரை அனுமதிப்பதைவிடப் பொதுத் தடாகங்களையே மூடிவிடுவது என்பது அதன் தீர்மானம். அது சட்டப்படி செல்லும் என்று 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

தங்கள் பிள்ளைகளுக்கும் தண்ணீர் இல்லாமற்போனாலும் பரவாயில்லை என்று ஒரு நகரம் ஏன் நினைத்தது என்பதை மகளுக்கு விளக்க எனக்கு அமெரிக்க வரலாறு தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அது தெரியும். தீட்டு என்றால் என்ன, அது தண்ணீரில் எப்படிப் பரவும் என்று நம்பப்பட்டது, யார் கிணற்றில் யார் அள்ளக்கூடாது, யார் வரும்வரை யார் வாளியோடு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே எங்களுக்குப் பாடமாகியிருந்தன. அன்றிரவு என் மகளுக்கு முதன்முறையாக எங்கள் ஊர்க் கேணியைப் பற்றிச் சொன்னேன்.

அறுபதுகளின் கடைசிப் பகுதி. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த 1968ஐ ஒட்டிய காலம். நம் கல்லூரியில் கணிதம் படிப்பித்த மாஸ்ரர் எங்களுக்கு நீச்சலும் பழக்குவார். சனிக்கிழமைகளில் கேணியடிக்குக் கூட்டிச் செல்வார். ஒருநாள் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்தான். கணிதத்தில் அவன்தான் முதல். படியில் கால்வைக்கும் முன்பே கரையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவனைத் தடுத்தார். "மாஸ்ரர், உங்களுக்குத் தெரியாததா? மற்றப் பிள்ளைகள் இறங்கட்டும், இவன் வெளியில் நிற்கட்டும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார்.

மாஸ்ரர் வாதாடவில்லை. தண்ணீரில் இறங்கிவிட்ட எங்களைப் பார்த்து, "எல்லோரும் கரையேறுங்கள்" என்றார். ஈர உடுப்போடு வெயிலில் நடந்து கடற்கரைக்குப் போனோம். அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கு நீச்சல் கடலில்தான். கேணியைவிடக் கடல் கடினம். அலை மூச்சை வாங்கிவிடும், உப்பு கண்ணை எரிக்கும். என்றாலும் அங்கே எவரையும் வெளியில் நிற்கச் சொல்ல ஆள் இல்லை. அந்தத் தோழன் இரண்டாம் மாதமே எங்களையெல்லாம் முந்திப் போய்விட்டான்.

யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியைச் சேர்ந்த நாங்கள் நீச்சல் என்றதும் பெருமைப்படுவோம், பட வேண்டியதுதான். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் கோடியக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பியும் வந்தார். 51 மணி நேரம். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை மாஸ்ரர் வகுப்புக்குக் கொண்டுவந்து, தூரத்தையும் நேரத்தையும் கரும்பலகையில் எழுதி எங்களைக் கணக்குப் போடவைத்தார். எல்லிஸ் அணியைத் தொடங்கியதும் ஜக்சன் தீர்ப்பு வந்ததும் அதே ஆண்டில்தான் என்பது எனக்கு நெடுங்காலம் கழித்தே தெரியவந்தது. கணித ஆசிரியர்கள் இருவர், இரண்டு கண்டங்களில், பிள்ளைகளை நீரில் இறக்குவதற்காக ஒரே காலத்தில் பாடுபட்டிருக்கிறார்கள்.

கறுப்பினத்தவருக்கு மிதக்கும் தன்மையே குறைவு என்று 1987இல்கூட அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பேஸ்போல் கழக உயரதிகாரி சொன்னார். அவருக்குப் பதவி போனது. அடுத்த ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் சூரினாம் நாட்டைச் சேர்ந்த அந்தோனி நெஸ்டி, 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அமெரிக்காவின் மற் பியொண்டியை 0.01 செக்கனால் முந்தித் தங்கம் வென்றார். அப்போது அவருடைய நாட்டில் இருந்த 50 மீற்றர் தடாகம் ஒன்றே ஒன்று. 2016இல் றியோவில் 100 மீற்றர் சுயாதீன நீச்சலில் சிமோன் மானுவல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டபோது, தனிநபர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2024இல் பரிஸுக்குப் போன அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணியின் தலைமைப் பயிற்றுநர் அதே நெஸ்டிதான்.

பதக்கங்களோடு இந்தக் கதையை முடித்துவிட எனக்கு மனமில்லை. படம் வந்து இரண்டே ஆண்டில், 2009 கோடையில், அதே பிலடெல்பியாவின் புறநகரக் கழகமொன்று, முன்கூட்டியே பணம் கட்டி வந்த சிறுவர் முகாமைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010 ஓகஸ்ட்டில் லூசியானாவின் சிறிவ்போர்ட் நகரில் ஆற்றில் வழுக்கிய ஒருவனைக் காப்பாற்ற இறங்கிய கறுப்பினப் பதின்வயதினர் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்கும் நீந்தத் தெரியாது, கரையில் நின்று கதறிய பெற்றோருக்கும் தெரியாது. தடாகங்களில் 10 முதல் 14 வயது வரையான கறுப்பினப் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் வீதம் வெள்ளையினப் பிள்ளைகளுடையதைப்போல் 7.6 மடங்கு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பாட்டனைக் கரையில் நிறுத்தினார்கள். அவர் மகனுக்கு நீச்சல் பழக்கவில்லை. பேரன் மூழ்குகிறான்.

நம் கல்லூரிப் பழைய மாணவர்களின் இந்த மலருக்காகக் கேணிக் கதையை எழுதலாமா என்று அந்தத் தோழனிடம் தொலைபேசியில் கேட்டேன். அவன் இப்போது நோர்வேயில் இருக்கிறான். "பெயர் போடாதே, நடந்ததை அப்படியே எழுது. இத்தனை மலர்கள் வந்திருக்கின்றன, கேணியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே" என்றான்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் வருகிற பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். இந்த ஆண்டு சேரும் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, கல்லூரிக்கு ஒரு நீச்சல் பயிற்றுநரை நியமித்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், அயலிலுள்ள சிறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். பயிற்றுநரின் சம்பளம், பஸ் கட்டணம், உயிர்காப்பு அங்கிகள் ஆகியவற்றின் மதிப்பீட்டைத் தயார்செய்து வைத்திருக்கிறேன். வழிமொழிய விரும்புபவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளருக்கு அறிவித்துவிடுங்கள்.