கடற்கரை மணலில் சப்போட்டா

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு மாவை விட சப்போட்டாதான் தோது. உப்பை ஓரளவு தாங்கும். பாலை மரத்தின் மேல் கட்டிய ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐப்பசியில், மழை பிடித்ததும் நடலாம். குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். வெறும் மணலில் தண்ணீர் நிற்காது. அதனால் பாதிக்குப் பாதி கண்மாய் வண்டலும், 10 கிலோ மக்கிய தொழுவுரமும், கரையானுக்கு 1 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் கரையானுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி.

பையைக் கிழித்ததும் அடியில் பாருங்கள். வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை மட்டும் வெட்டிவிடுங்கள். விட்டால் காலத்துக்கும் வட்டமடிக்கும், காற்றில் மரம் சாயும். பாலையும் சப்போட்டாவும் சேரும் ஒட்டுக்கட்டு மண்ணுக்கு அரையடி மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது பாலை, கண்டதும் கிள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் பாலை மரம் வளர்ப்பவர்கள் நிறையப் பேர்!

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா? தினம் ஒரு செம்பு தெளித்தால் உப்பு மேலேயே படியும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, வேரைத் தாண்டி இறங்கும்படி, நிறைய விடுங்கள். கடல் காற்றடிக்கும் பக்கம் பனையோலைத் தட்டி.