பெர்கியாவுக்கு ஒரே சாப்பாடு

ஜனவரி 4
உப்புநீர்த் தொட்டி முழுக்க ஐப்டேசியா. பழுப்பு நிறக் குட்டிக் கடற்சாமந்தி, பூ மாதிரி இருக்கும் பிராணி; பக்கத்துப் பவழத்தைத் தேள் மாதிரி கொட்டிக்கொண்டே இடம் பிடிக்கும். போன மாதம் கத்தியால் சுரண்டினேன். என் புத்தியை என்ன சொல்ல! பாறையில் ஒட்டியிருந்த துணுக்கெல்லாம் தனித்தனி ஐப்டேசியாவாகிவிட்டது.

ஜனவரி 9
பெர்கியா ஸ்டெஃபனியே ஆறு வந்து சேர்ந்தன. ஐப்டேசியாவைத் தின்னும், ஓடில்லாத கடல் நத்தை. (கடல் அட்டை இல்லை, அது வேறு பிராணி.) முழுதாக வளர்ந்தாலே 2 செ.மீ. சொச்சம்தான். ஃப்ளோரிடாவின் கடலோரத்தைச் சேர்ந்த இதற்கு 2005இல்தான் ஆங்கெல் வால்டேஸ் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். அதுவரை மீன் தொட்டிக்காரர்கள் வேறொரு இனத்தின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 10
ஒன்றையும் காணோம்.

ஜனவரி 13
இரவு ஒரு மணி, சிவப்பு டார்ச். பகலில் பாறை இடுக்கில் கிடப்பவை இப்போதுதான் வெளியே வருகின்றன. ஒன்று ஐப்டேசியாவை மெல்லத் தொட்டது, கொட்டு வாங்கியதும் வெடுக்கென்று பின்வாங்கியது, முதுகு நீட்சிகளைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடி போனது. ஐப்டேசியா வெள்ளை நூல்களைக் கக்கியது. நத்தை அந்தக் கொட்டும் நூலையும் சேர்த்தே தின்றுவிட்டது! வெடிக்காத கொட்டணுக்கள் குடல் கிளைகள் வழியே முதுகு நீட்சிகளின் நுனிக்குப் போய்ச் சேரும். அப்புறம் அவை நத்தையின் ஆயுதம். திருட்டுத் துப்பாக்கிதான், ஆனாலும் சுடும். இரண்டரை வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 22
கண்ணாடியில் வெள்ளை நூலைச் சுருட்டி ஒட்டியதுபோல முட்டைகள். எது தாய் என்று தேட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான். சுருளைப் பிளேடால் வழித்துத் தனிக் கிண்ணத்தில் விட்டேன்.

பிப்ரவரி 3
பொரிந்துவிட்டன. லென்ஸ் இல்லாமல் பார்த்தால் தூசிதான். கருவாக இருக்கும்போது இவற்றுக்கும் ஒரு குட்டி ஓடு உண்டு, சீக்கிரமே கழற்றிப் போட்டுவிடும்.

மார்ச் 19
பாறை சுத்தம். சந்தோஷப்பட்டது ஒரு நாள்தான். பெரியவற்றின் முதுகு நீட்சிகள் வெளுத்துக்கொண்டே வருகின்றன; அந்தப் பழுப்பு தின்ற ஐப்டேசியாவினுடையது. மீன் தீவனம், பாசி எதையும் தொடாது. ஐப்டேசியா இல்லையென்றால் பட்டினிதான்.

மார்ச் 20
வடிகட்டிக்குப் பின்னால் தப்பியிருந்த ஒரே ஒரு ஐப்டேசியாவைக் கண்டுபிடித்துத் தனி ஜாடியில் வைத்தாயிற்று. சரி, அதே கத்திதான். ஒன்பது துண்டு.