எந்த மருந்து மாற்றியது?

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் பொய்யல்ல. மகனின் மூக்கடைப்புக் குறைந்திருந்தது. "டொக்டர், அந்தச் சீனிக் குளிசைதானே மாத்தினது?" என்று, தான் கொடுத்துவந்த ஹோமியோபதி உருண்டைகளைக் குறித்து அவர் கேட்டார். "பிள்ளை நல்லா இருக்கிறான் அம்மா, அதுதானே எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு திகதியைக் கொப்பியில் போட்டுக் கொடுத்தேன். எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அந்த வாக்கியத்தில் திருத்தவேண்டிய சொல் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகவும் இல்லை. வாங்கில் அடுத்ததாக மகளோடு காத்திருந்த இன்னொரு தாய் அதை என்னுடைய சம்மதமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பது சில மாதங்களின் பின்னர்தான் தெரியவந்தது.

முதல் தாயின் மகனுக்கு நான்கு வயது. தைப் பனிக்குள் கொண்டுவந்தார்கள். எப்போதும் வாய் திறந்திருக்கும், இரவில் குறட்டை, ஒரு தடிமன் மாறுவதற்குள் அடுத்த தடிமன். கதிர்ப்படத்தில் மூக்கின் பின்புறத்து அடினொயிட் சதை பெருத்துக் காற்று போகும் வழியை ஒடுக்கியிருந்தது, அடைத்திருக்கவில்லை. செவிப்பறை தெளிவாக இருந்தது, காது கேட்கும் சோதனையும் சரியாக வந்தது, நித்திரையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவதாகப் பெற்றோர் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு உடனே சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. உப்புநீர்த் துளியும் ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிறேயும் கொடுத்து மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதென்று நிபுணர் முடிவு செய்தார்.

ஸ்பிறே அடிக்கும் முறையை நான்தான் காட்டிக் கொடுத்தேன். பிள்ளையின் தலையைப் பின்னால் சரிக்காமல் சற்றுக் குனியவைத்து, முனையை நடுச்சுவரில் முட்டவிடாமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சரித்து அடிக்க வேண்டும். நடுச்சுவரிலேயே தொடர்ந்து பட்டால் மூக்கால் இரத்தம் கசியும், பெற்றோர் பயந்து அத்தோடு விட்டுவிடுவார்கள். அந்தத் தாய் கவனமாகப் பார்த்து, தானே ஒருமுறை செய்தும் காட்டினார். அதன் பிறகுதான் கைப்பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் கொடுத்த வெள்ளை உருண்டைகள். "வெட்டாமல் மாத்தலாமாம் டொக்டர். இதையும் குடுக்கலாமே?" என்றார். "குடுக்கிறதெண்டால் குடுங்கோ, ஸ்பிறேயை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றேன். மறைக்காமல் எடுத்துவைத்த அந்தத் துணிவை நான் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன். வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்பதை எங்களுக்குச் சொல்லாமல் விடுகிறவர்களே அதிகம்.

சித்திரையில் அவன் வாயை மூடிக்கொண்டு வந்தான். குறட்டை குறைந்திருந்தது, சாப்பாட்டில் விருப்பம் வந்திருந்தது. தாய்க்குக் காரணம் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் தெளிவாக இல்லை. ஸ்பிறே வேலை செய்திருக்கலாம். சில வாரங்கள் ஒழுங்காக அடித்தால் அடினொயிட் வீக்கம் பல பிள்ளைகளில் குறைகிறது. பனிக்காலம் முடிந்து தடிமன் விட்டதாலும் குறைந்திருக்கலாம். அடினொயிட் என்பது மூக்கால் வரும் கிருமிகளை எதிர்கொள்ளும் நிணநீர்ச் சதை. ஒவ்வொரு தடிமனுக்கும் வீங்கும், இடைவெளி கிடைத்தால் வற்றும். கொப்பன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற வைத்தியர் இந்தச் சதைதான் பிள்ளைகளின் மூக்கடைப்புக்கும் செவிட்டுத்தன்மைக்கும் காரணமென்று 1868 இல் எழுதிய காலத்திலிருந்து அதை வெட்டுவதா, விடுவதா என்ற விவாதமும் கூடவே வருகிறது. ஏனென்றால் சிறு பிராயத்தில் பெருக்கும் இந்தச் சதை பதின்ம வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். வைத்தியர் எவராக இருந்தாலும், மூன்று மாதம் பொறுங்கள் என்று சொன்னால், அந்த மூன்று மாதமும் அவருக்காகவே வேலை செய்யும்.

ஜெர்மனியில் இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடினொயிட் பெருத்த 4 முதல் 10 வயது வரையான பிள்ளைகளில் ஒரு சாராருக்கு ஹோமியோபதி மருந்தும் மறுசாராருக்கு மருந்தில்லாத போலி மருந்தும், யாருக்கு எது என்று பிள்ளைகளுக்கோ வைத்தியர்களுக்கோ தெரியாதபடி, மூன்று மாதம் கொடுத்து 1997 இல் முடிவை வெளியிட்டார்கள். ஹோமியோபதி பெற்றவர்களில் ஏறத்தாழ 78 வீதத்தினருக்கு இறுதியில் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் அது பெரும் வெற்றியாகத் தோன்றும். போலி மருந்து பெற்றவர்களில் அது ஏறத்தாழ 71 வீதம். புள்ளிவிபரப்படி அந்த வித்தியாசத்துக்குப் பொருளில்லை. ஹோமியோபதியை உருவாக்கிய ஹானெமான் வகுத்த முறைப்படி, நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் முப்பது தடவை ஐதாக்கப்பட்ட மருந்தில், பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருப்பது அரிது. எனவே இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த 71 என்ற எண். அந்தப் பிள்ளைகளை ஒரு ஸ்பிறேயோடு எங்களிடம் அனுப்பியிருந்தால், நாங்களும் எங்கள் மருந்துதான் மாற்றியது என்று சொல்லியிருப்போம் அல்லவா?

இதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? உருண்டை மாற்றவில்லை என்று சொல்லியிருந்தால், ஸ்பிறேதான் மாற்றியது என்று அவர் விளங்கியிருப்பார். அதையும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டையும் சொல்லியிருந்தால், பெரியாஸ்பத்திரி டொக்டருக்கே எது மாற்றியதென்று தெரியாதாம் என்ற கதை ஊருக்குப் போயிருக்கும். அந்த ஹோமியோபதி வைத்தியர் ஒளித்து மருந்து கொடுப்பவரும் அல்லர்; 1970 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்த வைத்தியமுறை இலங்கையில் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. கைதடிச் சித்த வைத்தியசாலைக்கும் எங்களுக்கும் இடையில் நாள்தோறும் போய்வருகிற சனத்திடம் ஒரு முறையைப் பழித்து மற்றதை உயர்த்தினால், அடுத்த தடவை அந்தப் போத்தல் கைப்பைக்குள்ளேயே இருந்துவிடும். ஆகவே நான் பேசாமல் விட்டதில் நியாயம் இருக்கிறது. இப்படி எனக்கு நானே சொல்லி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் வாங்கில் இருந்த அந்த மற்றத் தாய் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

அவருடைய மகளுக்கு ஆறு வயது. இந்தப் பிள்ளையின் கதை வேறு. தாய் தன் கைத்தொலைபேசியில் எடுத்து வந்த காணொளியை நான் பார்த்திருக்கிறேன். நுளம்பு வலைக்குள் பிள்ளை கழுத்தை நிமிர்த்தித் தலையைப் பின்னால் வளைத்தபடி படுத்திருக்கிறாள். குறட்டை திடீரென்று நிற்கிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நெஞ்சு எழும்பித் தாழ்கிறது, தொண்டைக் குழி உள்ளே இழுபடுகிறது, காற்று மட்டும் போகவில்லை. பிறகு ஒரு பெரிய இழுப்பு, உடம்பே உதறுகிறது, மறுபடியும் குறட்டை. காதுகளுக்குள்ளும் நீர் கட்டியிருந்தது. செவிப்பறை அசைவைப் பதியும் கருவியில் மலைபோல எழவேண்டிய கோடு இரண்டு பக்கமும் தட்டையாகக் கிடந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பப் பதிந்தபோதும் அதே தட்டைக் கோடுதான். வகுப்பில் சொல்வழி கேட்பதில்லை என்று ஆசிரியை குறை சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு எங்கள் சொல் கேட்கவேயில்லை என்று தாய்க்கு விளக்கியபோது அவர் அழுதார். அடினொயிட்டை அகற்றிக் காதுக்குச் சிறு குழாய் வைப்பதென்று முடிவாகித் திகதியும் கொடுக்கப்பட்டது. பிளவுபட்ட உள்நாக்கு இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டோம்; அது மறைவான அண்ணப் பிளவின் அடையாளமாக இருக்கலாம். மறைவான அண்ணப் பிளவு உள்ள பிள்ளைக்கு அடினொயிட்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கால் போகும், குடித்த தண்ணீரும் மூக்கால் வரும்.

அந்தத் திகதிக்கு அவர்கள் வரவில்லை.

மீண்டும் வந்தபோது பிள்ளை மெலிந்திருந்தாள். இவ்வளவு நாளும் அதே மாதிரி உருண்டைகளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அண்டைக்கு அந்தப் பெடியன்ர தாய் கேட்க நீங்கள் ஓமெண்டு சொன்னனீங்கள்தானே டொக்டர்" என்றார். குற்றம் சுமத்தும் குரலில்லை. உண்மையாகவே அப்படித்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் ஓமென்று சொல்லவில்லை என்று வாய்வரை வந்ததைச் சொல்லாமல் விட்டேன். மயக்க மருந்துக்குப் பயந்திருந்தவர், கனடாவில் இருக்கும் கணவரின் தமக்கை வெட்டாமல் பாருங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த ஒரு காரணத்தை என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார். எங்கள் மூத்த தாதியும் இதையேதான் சொன்னார்: "நீங்கள் சொல்லாட்டியும் அவை போயிருப்பினம் டொக்டர்." அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் போனது என் பேரைச் சொல்லிக்கொண்டு.

அமெரிக்காவில் 2013 இல் வெளியான ஆய்வொன்றில், நித்திரையில் மூச்சு நிற்கும் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் ரொன்சிலும் அடினொயிட்டும் அகற்றப்பட்டவர்களில் 79 வீதத்தினருக்கும், வெட்டாமல் பொறுத்துப் பார்க்கப்பட்டவர்களில் 46 வீதத்தினருக்கும் ஏழு மாதத்தில் நித்திரைச் சோதனை சீராகியிருந்தது. பொறுத்திருப்பதும் வைத்தியம்தான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். எந்தப் பிள்ளை அந்த 46 க்குள் இருக்கிறது, எந்தப் பிள்ளை வெளியே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் திகதிக்கு வந்து காட்ட வேண்டும், காதைத் திரும்பச் சோதிக்க வேண்டும், இரவில் பார்க்க வேண்டும். இரண்டு தாய்மாரும் கொடுத்தது ஒரே மாதிரி உருண்டைதான், அதனால் நேரடியான தீங்கு எதுவும் வந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் குளிசைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது; ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு எழுதப்படும் மொன்ரிலூகாஸ்ட்டுக்கு, மனநிலை மாற்றங்கள் காரணமாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. உருண்டையில் ஒன்றுமில்லாதபடியால் அது பாதுகாப்பானது என்பது சரி. அந்தப் பிள்ளை கழித்த இரவுகளும், கேளாமல் போன பாடங்களும் எந்த மருந்தின் பக்கவிளைவாகவும் எங்கும் பதியப்படுவதில்லை.

இப்போது நான் வேறுவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். "உங்கட பிள்ளை தானாகவே மாறக்கூடிய பிள்ளை. எது மாத்தினதெண்டு எனக்கும் தெரியாது. ஆனால் எல்லாப் பிள்ளையும் இந்தப் பிள்ளை மாதிரி இல்லை" என்று, வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன். இதனால் நன்மை வருகிறதா என்று எனக்கு உறுதியில்லை. எனக்கும் தெரியாது என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஸ்பிறேயை நிறுத்திய ஒரு தகப்பனையும் கண்டுவிட்டேன். அந்த நாளில் அந்தத் தாயிடம் இதைச் சொல்லியிருந்தால் மற்றத் தாய் திகதிக்கு வந்திருப்பாரா, இல்லை, டொக்டருக்கே தெரியவில்லை என்று இன்னும் விரைவாகப் போயிருப்பாரா?

அந்தப் பெண்பிள்ளைக்குப் புதிய திகதி போடப்பட்டிருக்கிறது. கொப்பியை வாங்கிக்கொண்டு எழும்பிய தாய், "அதுமட்டும் அந்தக் குளிசையைக் குடுக்கலாமே?" என்று கேட்டார். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டருக்குப் பிள்ளை என்னென்ன எடுக்கிறது என்பது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், போத்தலையும் கொண்டுவாருங்கள் என்றேன். குளிசை மாற்றாது, மூச்சு நிற்கிற அளவுக்கு வந்த பிள்ளை இனிப் பொறுக்கக்கூடாது, இடையில் உதடு நீலமாகினால் திகதியைப் பார்க்காமல் அன்றிரவே கொண்டுவாருங்கள் என்பதையும் அவரிடம் சொல்லி, கொப்பியில் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அந்த இடத்திலேயே நின்று வாசித்தார். வாசித்துவிட்டு, கனடாவிலிருக்கும் மச்சாளுக்கும் தொலைபேசியில் ஒருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னேன்.