வேம்பும் மலைவேம்பும்: எம்.எஸ்சி. புராஜெக்ட் எடுக்கும் ஜூனியர்களுக்கு

வேம்பையும் மலைவேம்பையும் ஒப்பிட்டு புராஜெக்ட் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். நான் செய்ததும் அதுதான். ஆனால் இலையைப் பறித்து மெத்தனாலில் ஊறவைத்து ஜிசி-எம்எஸ்ஸுக்கு (பொருட்களை ஆவியாக்கிப் பிரித்து, எடையை வைத்து அடையாளம் காட்டும் கருவி) அனுப்பும் வழக்கமான பாதையில் மட்டும் போகாதீர்கள்.

ரிப்போர்ட் அழகாகத்தான் வரும். உள்ளே பார்த்தால் பெரிய பீக்குகள் (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் முகடுகள்) பெரும்பாலும் ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலமும் ஃபைட்டாலும்தான். ஃபைட்டால் பச்சையத்திலிருந்து வருவது. கொய்யா இலையை அனுப்பினாலும் அது இருக்கும். இரண்டு மரத்திலும் இதையே கண்டுவிட்டு ‘ஒற்றுமை உள்ளது’ என்று எழுதினால், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) அந்தப் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

வேம்புக் குடும்பத்தின் சிறப்பே லிமோனாய்டுகள் என்ற கசப்புப் பொருட்கள். வேம்பில் அவற்றுள் முக்கியமானது அசாடிராக்டின். அதன் மூலக்கூறு எடை 720. அது ஆவியாகி ஜிசியின் பிரிப்புக் குழாய்க்குள் (column) போகாது, இன்ஜெக்டர் சூட்டிலேயே சிதைந்துவிடும். கருவிக்குத் தெரியாத பொருளைக் கருவி காட்டாது, அவ்வளவுதான். ஆகவே முதலில் டிஎல்சி (பூச்சுத் தட்டில் சாற்றை ஓட்டிப் பிரிப்பது), அப்புறம் ஹெச்பிஎல்சி (அழுத்தத்தில் திரவத்தோடு குழாய்க்குள் செலுத்திப் பிரிப்பது).

அதற்கு முன்னால் மரம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் மலைவேம்பு என்ற பெயர் இரண்டு மரங்களுக்கு வழங்குகிறது. பிளைவுட்டுக்காகத் தோட்டமாக வளர்ப்பது மீலியா டூபியா. ஊதாப் பூவும் மணிமணியாக மஞ்சள் பழமும் உள்ளது மீலியா அசெடராக். நர்சரியில் கேட்டால் முதலாவதைத்தான் காட்டுவார்கள். பூவோடு கிளை ஒடித்து, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ (உலர்தாவரச் சேகரிப்பு நிலையம்) கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலோ (பிஎஸ்ஐ) அடையாளச் சான்று வாங்கிவிடுங்கள். நான் எடுத்தது அசெடராக். அதன் பழம் நஞ்சு, கையுறை இல்லாமல் உடைக்க வேண்டாம்.

இலையைவிட விதைப்பருப்பு நல்லது. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். அசெடராக் பழமோ இலை கொட்டிய பிறகும் மரத்திலேயே தொங்கும். சேகரித்த தேதியையும் மரம் நிற்கும் இடத்தையும் நோட்டில் எழுதுங்கள். நிழலில் உலர்த்தி, இடித்து, முதலில் ஹெக்சேனில் எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு மெத்தனாலில் அறை வெப்பத்தில் ஊறப்போடுங்கள். சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்துச் சாறெடுக்கும் கருவி) மணிக்கணக்காகக் கொதிக்க விடாதீர்கள். அசாடிராக்டினுக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. சாற்றை நிறப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

டிஎல்சி தட்டில் வெனிலின்-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் புள்ளிகள் நிறம் பிடிக்கும். இரண்டு சாறுகளையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். எனக்கு ஒப்பீடு என்றால் என்ன என்று புரிந்தது அந்தத் தட்டில்தான். வேம்பில் எதிர்பார்க்க வேண்டியவை அசாடிராக்டின், நிம்பின், சலானின். அசெடராக்கில் மெலியாகார்பின்கள், டூசெண்டானின். ஹெச்பிஎல்சியில் 217 நானோமீட்டரில் பாருங்கள். மெலியாகார்பின்களின் அமைப்பு அசாடிராக்டினை ஒத்தது என்பதால், அசெடராக் சாற்றில் அதே நேரத்தில் பீக் வந்தால் உடனே அசாடிராக்டின் என்று எழுதாதீர்கள். தூய அசாடிராக்டினை (ஸ்டாண்டர்ட்) கலந்து ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் எல்சி-எம்எஸ்ஸில் (திரவத்தில் பிரித்து எடை காணும் கருவி) மூலக்கூறு எடையையும் பார்த்துவிடுங்கள்.

வைவாவில் வரலாறும் கேட்பார்கள். லின்னேயஸ் 1753இல் வேம்பையும் மீலியா பேரினத்தில்தான் வைத்தார். 1830இல் ஜூசியூ அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். நிம்பினை 1942இல் பிரித்தெடுத்தவர் வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி. அசாடிராக்டின் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது 2007இல், 22 ஆண்டு உழைப்புக்குப் பிறகு. எனக்கு வந்த கடைசிக் கேள்வி, ‘ஜிசி-எம்எஸ் ஏன் எடுக்கவில்லை?’