புயலும் கோஃபர் ஆமையும்

புளோரிடாவின் கடலோர மணல்மேடுகளில் வளை தோண்டி வாழும் கோஃபர் ஆமைக்குப் புயல்காற்று பெரிய விஷயமே இல்லை. சுமார் 15 அடி நீள வளை. உள்ளே போய்ப் படுத்துவிடும். பாம்பு, தவளை, எலி என்று 350க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் இந்த வளைகளில் ஒண்டிக்கொள்கின்றன. வாடகை கிடையாது!

சிக்கல் கடல்நீரில்தான். 2022இல் இயன் சூறாவளி சானிபெல் தீவுக்குள் கடலையே கொண்டுவந்து விட்டது. இப்படி அலை ஏறினால் மணல் சரிந்து வளை மூடிக்கொள்ளும். அதைவிட மோசம் உப்பு. புல்பூண்டெல்லாம் கருகிப்போகும். இந்த ஆமைக்குச் சாப்பாடும் பெரும்பாலான தண்ணீரும் அதிலிருந்துதான் கிடைக்கிறது.

அப்புறம், கரையில் இதைப் பார்த்துக் கடலாமை என்று நினைத்துத் தண்ணீரில் கொண்டுபோய் விடுகிற நல்லவர்கள் வேறு. இது நில ஆமை சாமி, கடலில் விட்டால் மூழ்கிவிடும்.