காகிதத்தின் மேல் தைத்த அறுகோணங்கள்

காகிதக் கைவேலை வேறு, தையல் கைவேலை வேறு என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். ஒருபுறம் காகிதப் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் க்வில்லிங் கம்மல்கள், வாழ்த்து அட்டைகள், நவராத்திரியில் கொலுப்படிக்குக் கட்டும் காகிதத் தோரணங்கள். மறுபுறம் ஒட்டுத்துணிப் போர்வைகள், தலையணை உறைகள், குழந்தைக்குக் கீழே விரிக்கும் துணிகள். இரண்டையும் நான் வீட்டில் செய்து வருகிறேன். ஆனாலும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் ஒரு வேலைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தமானது. சற்றே தடித்த காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து இழையோட்டி, அப்படி உருவான துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையாலேயே தைத்து, ஆறு பக்கமும் அடுத்த துண்டுகள் வந்து சேர்ந்த பிறகு உள்ளிருக்கும் காகிதத்தை உருவி எடுத்துவிடும் அந்த முறைக்கு ‘இங்கிலீஷ் பேப்பர் பீசிங்’ என்று பெயர். தையல் இயந்திரம் வேண்டாம். பெரிய மேசை வேண்டாம். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும் பொருள்களே போதும்.

காகிதம் எதற்கு, துணியை நேராக வெட்டித் தைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு நான் ரவிக்கையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தைக்கக் கொடுக்கும்போது “கிராஸ் கட்டிங்கா, சாதா கட்டிங்கா?” என்று தையல்காரர் கேட்பதன் காரணம் நமக்குத் தெரியும். நெசவின் நேர் இழையில் வெட்டிய துணி இழுத்தாலும் அசையாது. குறுக்காக வெட்டிய துணி உடலோடு நெகிழ்ந்து கொடுக்கும். ரவிக்கைக்கு நன்மையாக அமையும் அந்த நெகிழ்ச்சி, ஒட்டுத்துணி வேலைக்குப் பெரிய இடைஞ்சல். அறுகோணத்தை எப்படித் திருப்பி வைத்து வெட்டினாலும் அதன் ஆறு விளிம்புகளும் நேர் இழையில் அமைய வழியே இல்லை. இரண்டு விளிம்புகளை நேராக வைத்தால் மற்ற நான்கும் சாய்வாகவே விழும். சாய்ந்த விளிம்பைக் கையில் பிடித்துத் தைக்கும்போது அது தலைமுடி அளவுக்கு நீண்டாலும், பத்துத் துண்டுகள் சேர்ந்தபின் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும் சுருக்கமாக வந்து நிற்கும். உள்ளே காகிதம் இருக்கும்வரை துணியால் நீளவே முடியாது. துல்லியத்தைக் காகிதம் பார்த்துக்கொள்வதால், தைப்பவர் தையலை மட்டும் பார்த்தால் போதும். பழகாத கைகளாலும் இவ்வளவு நேர்த்தியான வேலையைச் செய்ய முடிவது இதனால்தான்.

அறுகோணம் வரைவதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயமே போதுமானது. வட்டம் ஒன்றை வரைந்து, கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டே போனால் ஆறாவது குறி தொடங்கிய இடத்திலேயே சரியாக வந்து சேரும். அந்த ஆறு புள்ளிகளையும் அளவுகோலால் இணைத்தால் அறுகோணம். அதன் ஒவ்வொரு பக்கமும் வட்டத்தின் ஆரத்துக்குச் சமம் என்பதால், 1 அங்குலப் பக்கம் வேண்டுமானால் கவராயத்தை 1 அங்குலம் விரித்தால் போதும். ஒவ்வொரு மூலையும் 120 பாகை. மூன்று மூலைகள் கூடும் இடத்தில் 360 பாகை நிறைவதால் துண்டுகளுக்கு நடுவே இடைவெளியே விழாது. ஒரே அளவுள்ள ஒழுங்கான வடிவங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றால் மட்டுமே ஒரு தளத்தை இப்படி இடைவெளியின்றி நிரப்ப முடியும்.

முதல் அறுகோணத்தைக் கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்கிறேன். அதை அச்சாகக் கொண்டுதான் மற்றக் காகிதங்களை வரைந்து வெட்டுவது வழக்கம். வெட்டிய காகிதத்தை வைத்தே அடுத்ததை வரைந்து கொண்டு போகக் கூடாது. பென்சிலின் பருமன் ஒவ்வொரு முறையும் சேர்ந்து, கடைசிக் காகிதம் முதற்காகிதத்தைவிடப் பெரிதாகிவிடும். துணிக்குள் வைக்கும் காகிதம் பத்திரிகை அட்டை அளவுக்குக் கெட்டியாக இருந்தால் மடிப்புத் தடித்துப் போகும். பரீட்சைத் தாள் போல மெலிந்திருந்தால் தையல் இழுக்கும்போது விளிம்பு மடங்கிவிடும். மாதக் காலண்டரின் தாளும் வார இதழ்களின் அட்டையும் இதற்கு மிகவும் பொருத்தமானவை. செய்தித்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் மை வெளிர் நிறத் துணியில் கறையாக இறங்கும். அளவாக வெட்டிய காகிதங்களைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கவும் முடியும் என்றாலும், மதிய வேளையில் உட்கார்ந்து காகிதம் வெட்டுவதே இந்தக் கைவேலையின் பாதி இன்பம் என்பதால் அவற்றை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்த முறையின் வரலாற்றிலும் காகிதத்துக்குத் தனி இடம் உண்டு. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்கான பிரிட்டனின் குவில்டர்ஸ் கில்டு அமைப்பின் சேகரிப்பில், 1718 என்ற ஆண்டும் இரண்டு முதலெழுத்துகளும் தைக்கப்பட்ட ஒரு பட்டு விரிப்பு இருக்கிறது. ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் ஒட்டுத்துணி வேலைகளில் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது அது. காகிதத்தின் மேல் மடித்துத் தைத்த வேலைதான் அதுவும். வழுக்கும் தன்மையுள்ள பட்டைக் கட்டுக்குள் வைக்கக் காகிதத்தைவிட எளிய வழி அந்நாளில் இருந்திருக்க முடியாது. காகிதம் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் புதுத் தாளை யாரும் இதற்காக வெட்டவில்லை. பழைய கடிதங்கள், கணக்கேட்டுத் தாள்கள், பிள்ளைகள் எழுதிப் பழகிய ஏடுகள் ஆகியவையே துணிக்குள் போயின. முடிக்கப்படாமல் நின்றுபோன பழைய போர்வைகள் பலவற்றில் அந்தத் தாள்கள் இன்றும் உள்ளேயே இருக்கின்றன. அவற்றில் ஒரு தேதி கிடைத்தால், போர்வை அந்த ஆண்டுக்கு முன்னால் தைக்கப்பட்டிருக்க முடியாது என்று ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. மளிகைக் கணக்கு எழுதிய ஒரு தாள் இருநூறு ஆண்டுகள் கழித்துச் சாட்சி சொல்லும் என்று தைத்தவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் 1835-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கான இதழ் ஒன்றில் அறுகோணப் படிவம் வெளியாகியிருந்தது. 1920களிலும் 1930களிலும் ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்ற பெயரில் அது அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. நடுவில் மஞ்சள் அறுகோணம் ஒன்று, அதைச் சுற்றிப் பூப்போட்ட துணியில் ஆறு, அதற்கும் வெளியே வேறு நிறத்தில் பன்னிரண்டு என்று வட்டம் வட்டமாக வளரும் வடிவம் அது. 1, 7, 19, 37 என்று எண்ணிக்கை ஏறும். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஸ்மால் என்பவர் சுரங்கக் குழியில் வெடிமருந்தோடு பழகிய தொழிலாளி. அவர் தைத்த போர்வைகளில் ஒன்றில் மட்டும் 1,23,200 அறுகோணங்கள் இருக்கின்றன. பெண்களின் பொழுதுபோக்கு என்று இந்த வேலையை ஒதுக்கிவைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

இனித் துணிக்கு வருகிறேன். எங்கள் தெருமுனைத் தையல்கடையில் ரவிக்கையின் கைக்குழி வெட்டியதில் விழும் துண்டுகளே என் முதல் சேமிப்பு. “பிட்டு எல்லாம் தனியா கட்டி வச்சிருக்கேன்க்கா, வந்து எடுத்துக்கோங்க” என்று கடைத் தம்பி குரல் கொடுப்பார். 1 அங்குல அறுகோணத்துக்கு இரண்டரை அங்குலச் சதுரம் இருந்தாலே போதும் என்பதால், வேறு எதற்கும் ஆகாத துண்டும் இதற்கு ஆகும். டூ பை டூ ரூபியாவும் பாப்ளினும் மடித்த இடத்தில் அப்படியே நிற்பவை. கற்றுக்கொள்பவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. பல முறை துவைத்து மெத்தென்று ஆன சுங்குடிச் சேலையின் தொடுகை எனக்கு மிகவும் விருப்பமானது, ஆனால் அதன் சாயம் இறங்கும். ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் எந்தச் சிவப்புத் துணியையும் நான் வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. பட்டுச் சேலையின் உடல் பகுதியை எடுக்கலாம். விளிம்பில் இழை பிரியும் என்பதால் கால் அங்குலத்துக்குப் பதிலாகச் சற்று அகலமாகவே மடிப்புக்கு விட வேண்டும். சரிகைக் கரையைப் பருத்தியோடு கலப்பதை நான் தவிர்க்கிறேன். அது மடங்க மறுக்கும், தோலில் உராயும், துவைக்கும்போது பக்கத்துத் துணியையும் அறுக்கும்.

தைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துணியின் உட்புறத்தில் நடுவாகக் காகிதத்தை வைத்து, ஒரு விளிம்பை மடித்து நகத்தால் நீவினால், காகிதத்தின் ஓரம் துணிக்கு அடியில் ஒரு கோடாக விரலில் தட்டுப்படும். அடுத்த விளிம்பை மடிக்கும்போது மூலையில் துணி தன்மேல் தானே படியும். அந்தப் படிவில் மட்டும் ஊசியை இரண்டு முறை ஓட்டி, காகிதத்தைத் தொடாமல் அடுத்த மூலைக்கு நூலைக் கொண்டுபோக வேண்டும். ஆறு மூலையும் முடிந்ததும் பின்புறம் நூல் ஒரு சிறு சக்கரமாகச் சுற்றி வந்திருக்கும். காகிதத்தில் ஊசி ஏறாததால் பின்னால் நூலைப் பிரிக்காமலேயே காகிதத்தை உருவிவிடலாம். அது கிழியாமல் வெளியே வந்து திரும்பத் திரும்பப் பயன்படும். துணியைக் காகிதத்தில் பசைபோட்டு ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதில் வேகம் உண்டுதான். ஆனால் பசை காய்ந்த இடத்தில் ஊசி தடுக்குவதையும், பிய்த்தெடுத்த காகிதம் மறுமுறைக்கு உதவாமல் போவதையும் பார்த்தபின், நான் நூலோடேயே நின்றுவிட்டேன்.

இரண்டு துண்டுகளைச் சேர்க்க, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேல் விளிம்பில் சுற்றித் தைக்க வேண்டும். ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்யத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல. மடிப்பின் நுனியில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசி கவ்வ வேண்டும். ஊசிமுனை காகிதத்தில் உரசி வழுக்கிப் போகும் அந்த மெல்லிய உணர்வு விரலுக்குப் பிடிபட்டுவிட்டால், பிறகு கண் அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரு அங்குலத்துக்கு 12 முதல் 15 தையல் வரை இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். நூலை இழுத்துக் கட்டினால் முன்பக்கத்தில் பல் பல்லாகத் தெரியும், படிய விட்டால் மறைந்துவிடும். மூன்றாவது துண்டைச் சேர்க்கும்போது நடுத்துண்டைக் காகிதத்தோடு இரண்டாக மடித்துக்கொண்டால்தான் விளிம்புகள் நேராகச் சேரும். அப்படி மடிப்பதால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்தடிக்கு நான்கடி அளவில் ஒரு போர்வையின் மேல்பகுதிக்கு 1 அங்குல அறுகோணங்கள் ஏறக்குறைய 1,100 தேவைப்படும். இந்த எண்ணிக்கையைக் கேட்டு மலைப்பவர்கள் ஏழு துண்டுப் பூ ஒன்றைத் தைத்துத் தலையணை உறையின் நடுவிலோ துணிப்பையின் மீதோ பதிக்கலாம். நான் அதைக் கைவினைக் காகித அட்டையிலும் பதிக்கிறேன். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1959-இல் தொடங்கிய கைவினைக் காகித ஆலையில் பருத்தி வெட்டுத்துணிகளே கூழாகிக் காகிதமாகின்றன. அத்தகைய காகிதத்தின் இழைகள் நீளமானவை, ஆகையால் ஊசித்துளை விழுந்தாலும் அது எளிதில் கிழிவதில்லை. அட்டைக்கு அடியில் பழைய கம்பளித் துண்டை வைத்து, தடித்த ஊசியால் முதலில் துளைகளை மட்டும் குத்திக்கொண்டு, பிறகு நூல் கோத்த ஊசியை அவற்றின் வழியே ஓட்ட வேண்டும். பலமுறை பயன்பட்டு முனை மழுங்கிய அறுகோணக் காகிதங்களை இரவு முழுதும் ஊறவைத்து, பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, கொசுவலை அடித்த மரச்சட்டத்தில் அள்ளி, சாமந்தி இதழ்கள் தூவி வெயிலில் காயவைத்தால் அவையும் அட்டைகளாகிவிடும். துணித் துண்டுகளை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது. அவற்றை இழை இழையாகப் பிரித்துக் கூழாக்க ஆலையில் தனி இயந்திரம் இருக்கிறது; வீட்டு மிக்ஸியில் நூல் கத்தியைச் சுற்றிக்கொண்டு நின்றுவிடும்.

போர்வையாகத் தைப்பவர்கள் நடுவில் என்ன வைப்பது என்பதை நம் வெயிலை நினைத்து முடிவு செய்ய வேண்டும். குளிர்நாடுகளின் பழக்கப்படி பஞ்சுத் தகடு வைத்துத் தைத்தால் சித்திரை மாதத்தில் அதைத் தொடவே மனம் வராது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவுதி என்னும் போர்வைகளில் பழந்துணிகளே அடுக்காகின்றன. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள், நான்கு மூலைகளிலும் பூலா என்னும் துணி மடிப்புகளை வைத்து முடிப்பார்கள். நம் ஊரிலும் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் கலை புதிதல்ல. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேர்களுக்குத் தொங்கவிடும் தொம்பைகளில் அதன் அழகு முழுவதையும் பார்க்கலாம். கவுதியைப் பின்பற்றி நானும் நடுவில் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வைக்கிறேன், அடியில் வேட்டித் துணி. மூன்றையும் சேர்த்து, ஒவ்வொரு அறுகோணத்தின் உட்பக்கத்திலும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஓட்டுத்தையல் போட்டால், இரவில் மின்விசிறிக்குக் கீழே போர்த்திக்கொள்ளச் சரியான கனத்தில் அமையும்.

கடைசி வேலை ஓரம். அறுகோணங்களின் ஏற்ற இறக்கத்தை நேராக வெட்டிவிட்டுப் பட்டி வைத்துத் தைப்பது சுலபம். ஆனால் அவ்வளவு பொறுமையாகச் சேர்த்த வடிவத்தை விளிம்பில் வெட்டித் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. ஓரத்துத் துண்டுகளின் காகிதத்தைக் கடைசி வரை உள்ளேயே விட்டு, மடிப்பு நன்றாகப் பதியும்படி இஸ்திரி போட்ட பிறகு அதை உருவி, நடுத்துணியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டி, அடித்துணியையும் அதே ஏற்ற இறக்கத்துக்கு உள்பக்கமாக மடித்து, இரண்டு மடிப்புகளையும் ஹெம்மிங் தையலால் சேர்த்துவிடுகிறேன். உட்குழிந்த மூலைகளில் அடித்துணியின் மடிப்பைக் கத்தரியால் சிறிது கீறிவிட்டால் அது சுருங்காமல் திரும்பும்.