நாலாவது கை தண்ணீர்

மூன்று மாதமாக நான் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க, போகவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். இரவில் செபமாலையும் விடுவதில்லை. ஆனால் எங்கள் பங்குச் சாமியாரிடம் போய் முழங்கால் போட முடியவில்லை. போன தடவை சொன்ன அதே பாவத்தைத்தான் மறுபடியும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின தடவை சொன்னதும் அதுதான். மனத்துயர் செபம் சொல்லி, இனிச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்து வந்து, இரண்டாம் நாளே அதே இடத்தில் விழுகிறவள் நான். என் குரலை அடையாளம் தெரிந்த ஒருவர் முன்னால் மறுபடி வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது.

என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. நான்கு வருடமாக ஞாபகம் தேய்ந்துகொண்டே வருகிறது. மகனைத் தெரிகிறது, சில நாள் பேரனைத் தெரிகிறது. என்னைத் தெரியவில்லை. என்னை 'பாப்பா' என்று கூப்பிடுகிறார். அது அவருடைய தங்கையை வீட்டில் கூப்பிட்ட பேர். அந்தத் தங்கை சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனவள். இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டில் சோறு பொங்கியவளை விட்டுவிட்டு, என்றோ செத்துப்போன ஒருத்தியை என் முகத்தில் பார்க்கிறார். "நான் பாப்பா இல்ல அத்தை, உங்க மருமக" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். முதலில் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகப்போகக் குரல் ஏறியது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தேன். காலையில் மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் இருந்தது. "எங்கேயோ இடிச்சிக்கிட்டேன் போல" என்று அவரே என்னிடம் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை நாத்தனார் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே கோணான்குப்பம் இருக்கிறது. வீரமாமுனிவர் எழுப்பிய கோயில், புடவை கட்டிய பெரியநாயகி மாதா. எங்களுக்கெல்லாம் தாய்வீடு மாதிரி. ஆனால் அங்கே போனால் எங்கள் பங்கு ஆட்கள் யாராவது கண்ணில் படுவார்கள். எனக்கு அன்று என்னைத் தெரியாத ஒரு சாமியார் வேண்டும். வேறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது தப்பில்லை, திருச்சபை அதைத் தடுப்பதும் இல்லை. நான் போன காரணம்தான் சரியில்லை. என் பாவத்தை வெறுத்துப் போகவில்லை, என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் போனேன்.

முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வந்து புதுச்சேரி பஸ் ஏறினேன். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம். வழியெல்லாம் கைச்செபமாலை விரலில் உருண்டதே தவிர, மனசு அந்த மணிக்கட்டிலேயே நின்றது. புதுச்சேரியில் இறங்கி வில்லியனூர் பஸ் பிடித்தேன். ரெட்டியார்பாளையம், மூலகுளம் தாண்டி, அரும்பார்த்தபுரம் வந்ததும் மனசு படபடக்க ஆரம்பித்தது.

வில்லியனூரில் இருப்பது லூர்து மாதா. அந்தச் சுரூபம் 1877-இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. பிரான்சில் லூர்து ஊர்க் கெபியில், அந்தக் குகையில், மாதா காட்சி கொடுத்துப் பத்தொன்பது வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் காட்சியைக் கண்ட பெர்னதெத் அப்போது உயிரோடு இருந்தாள். நெவேர் கன்னியர் மடத்தில், ஆஸ்துமாவோடும் எலும்பு நோயோடும் படுக்கையில் கிடந்தாள். 1879 ஏப்ரல் 16-இல், முப்பத்தைந்து வயதில் இறந்தாள். அவள் கண்ட மாதா கடல் தாண்டி நம் ஊர் வெயிலுக்கு வந்தபோது, அவள் ஓர் அறையில் இருமிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கோயிலுக்குள் போய்ப் பீடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். செபம் வரவில்லை. மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தேன். லூர்திலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கலந்த குளம் என்று எல்லோரும் பக்தியாகத் தொட்டுக்கொள்ளும் தண்ணீர். ஒரு பாட்டி பேரனின் முகத்தைக் கழுவிவிட்டார். அவன் சிணுங்கினான். இரண்டு பெண்கள் பாட்டிலில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 11 வந்தால் வருடா வருடம் நான் லூர்துக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சுள்ளி பொறுக்கப் போன பதினாலு வயதுப் பெண், மசபியேல் குகை, பதினெட்டுக் காட்சி, ஊற்று. ஊற்று வந்த இடத்தில் என் பேச்சு வேகமாகிவிடும். பிள்ளைகள் கண் விரியும் இடம் அது. அன்று படியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் அவசரமாகத் தாண்டிப் போகிற பகுதி நினைவுக்கு வந்தது.

1858 பிப்ரவரி 25, ஒன்பதாவது காட்சி. ஊற்றில் போய்க் குடி, முகம் கழுவு என்று மாதா சொல்கிறார். அங்கே ஊற்றே இல்லை. பெர்னதெத் காவ் ஆற்றுப் பக்கம் திரும்புகிறாள். அங்கே இல்லை, பாறைக்கு அடியில் என்று மாதா விரலால் காட்டுகிறார். போய்ப் பார்த்தால் சேறு. கையால் தோண்டுகிறாள், ஒரு கை அள்ளுகிறாள், குடிக்க முடியவில்லை, எறிந்துவிடுகிறாள். மறுபடி அள்ளி மறுபடி எறிகிறாள். மூன்று தடவை. நாலாவது தடவைதான் தொண்டையில் இறங்குகிறது. முகமெல்லாம் சேறு. பார்க்க வந்த கூட்டம் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறது. தெளிந்த தண்ணீர் பிறகுதான் வந்தது.

மாதாவையே கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். அவளுக்கே முதல் மூன்று கை முடியவில்லை. எறிந்த மூன்று கைக்கும் மாதா முகம் சுளித்ததாக அவள் எங்கும் சொல்லவில்லை. அதே சேற்றுக்கே திரும்பத் திரும்பப் போனாள். எனக்கோ என் சேறு பழக்கமான சேறு என்பதுதான் வெட்கம். புதுப்பாவம் ஒன்று இருந்தால்கூடக் கொண்டுபோய்ச் சொல்லிவிடலாம் போலிருந்தது. எவ்வளவு பெரிய ஆங்காரம் அது என்று அந்தப் படியில்தான் உறைத்தது. திருந்தியவளாகப் போய் நிற்க ஆசைப்பட்டேனே தவிர, மன்னிப்புக் கேட்கிறவளாகப் போய் நிற்க எனக்கு மனசில்லை.

எழுந்து உள்ளே போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்தது. எதையும் விடாமல் சொன்னேன். மூன்று மாதம் வராமல் இருந்ததையும், என்ன காரணத்துக்காக வில்லியனூர் வந்தேன் என்பதையும், மறைக்கல்வி வகுப்பில் கன்னியர் மடத்தில் வாழ்ந்த புனிதை குழந்தை தெரேசம்மாள் பற்றிப் பாடம் எடுப்பதையும் சொன்னேன். அந்தப் பாடத்தில் ஒரு கிழட்டுக் கன்னியர் வருவார். தெரேசம்மாள் தினமும் சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாகச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போவாள். வேகமாகப் போனாலும் திட்டு, மெதுவாகப் போனாலும் திட்டு. அவர் ரொட்டியை நறுக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே அதையும் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டு வருவாள். இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் வரச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நான் கத்துகிறேன்.

சாமியார் அவசரப்படவில்லை. "அவங்க பாப்பான்னு கூப்பிட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

"நான் பாப்பா இல்ல, மருமகன்னு சொல்வேன் சாமி."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு பாவத்துக்குப் பரிகாரமாக அபராதம் சொன்னார். மூன்று அருள்நிறைந்த மரியே செபம். அதோடு, இன்றைக்கு அவர் கூப்பிடும்போது ஒரே ஒரு தடவை, "என்னக்கா" என்று பதில் சொல்ல வேண்டும்.

நான் திகைத்துவிட்டேன். "அது பொய்யாகாதா சாமி?"

"அவங்க தங்கச்சியைத் தேடறாங்கம்மா. யாராவது குரல் கொடுக்கணும் இல்ல?"

பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்து, மூன்று அருள்நிறைந்த மரியேயை அங்கேயே முழங்கால் போட்டுச் சொல்லி முடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மற்றது பஸ்ஸில் கூடவே வந்தது. 'என்னக்கா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தவளக்குப்பம் வரை சொல்லிப் பார்த்தும் அது என் வார்த்தையாகவே இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது மருமகள் என்கிற ஒரு பேர்தான். அதையும் ஒரு நிமிடத்துக்குக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். செபம் கூடுதலாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உபவாசம் கேட்டிருந்தால் இருந்திருப்பேன். நான் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்த இடத்தில் எப்படிக் கை வைத்தார் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். நாத்தனார் கிளம்பிப் போனார். அத்தைக்குக் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, கொண்டுவந்த குளத்துத் தண்ணீரை நெற்றியில் சிலுவை போட்டு வைத்தேன். மணிக்கட்டில் தடம் மறைந்து பல நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் அங்கேயும் கொஞ்சம் தடவினேன்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டார். "பாப்பா."

வாய் திறந்தேன், வரவில்லை. "வரேன் அத்தை" என்று சொல்லிப் போனேன். திருத்தவில்லை, அவ்வளவுதான். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

ஒரு மணிக்கு மறுபடி. இருட்டில் எழுந்து போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கை துழாவி என் தலையைத் தொட்டது.

"பாப்பா... பாப்பா..."

"என்னக்கா."

கை அப்படியே நின்றது. பிறகு என் முடியைக் கோத ஆரம்பித்தார். எவ்வளவோ காலமாகக் கேட்க வைத்திருந்த கேள்வி போல மெல்லக் கேட்டார்.

"ஆட்டைக் கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்க்கா."

"மழை வரும் போல இருக்குது. உள்ள வந்து படு."